வந்தால் சொல்லுங்கோ

இருபத்துமூன்று பேர் கதைத்து முடித்துவிட்டார்கள்.
இருபத்துமூன்று பேரும் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள்:
'அதை நீங்க ராசகனி கிட்டத்தான் கேக்கணும்.'

தாராவியில் ராசகனியைத் தேடுவது
ஜூலையில் காய்ந்த செருப்பைத் தேடுவது.
சயான் பக்கம் இட்லி விற்கிறாள் என்றார்கள்.
போனேன். நேற்றே மாஹிமுக்கு மாறிவிட்டாளாம்.
மாஹிமில் எட்டுத் தையல் மெஷின், எட்டு முதுகு.
ஒன்றுகூடத் திரும்பவில்லை.
மேஸ்திரி மட்டும் கேட்டார்: 'நீங்க மலையாளமா?'
இல்லை, மட்டக்களப்பு.
'அது கேரளாவுல எங்க?'

ஒரு தீயைப் பற்றியது என் ஆய்வு.
பதினொரு வருடம் முன்பு, மாடியில் ஒரு தையற்கூடம்,
கீழே ஒரே கதவு, கதவில் பூட்டு.
ராசகனி கடப்பாரையால் உடைத்தாள் என்றாள் சுடலைவடிவு.
உடைக்கவில்லை, சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது
என்றார் தங்கப்பாண்டி.
பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டு இன்னொருவர்,
'பூட்டினதே யாருன்னு நெனைக்கிறீங்க?'
அவர் பெயரை நான் எழுதவில்லை.

தொலைபேசியில் ஒரு முறை அகப்பட்டாள்.
பின்னால் லோக்கல் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.
'நாளைக்கு வாங்கம்மா.'
போனேன்.
நாளைக்கு என்றது வெள்ளியாகி,
வெள்ளி திங்களாகி,
திங்கள் 'மழை விடட்டும்' ஆனது.

சம்மதப் படிவத்தில் இரண்டு பெட்டிகள்:
ஆம், இல்லை.
'நாளைக்கு' என்பதற்குப் பெட்டி வைக்காமல்
அதைத் தமிழாக்கியவளும் நான்தான்.

பேராசிரியரின் மின்னஞ்சல்:
அந்தப் பெண் இல்லாமல் நான்காம் அத்தியாயம் நிற்காது.
விசாவில் ஆறு நாள் மிச்சம்.

தண்ணீர்க் கேன் போடும் பையன் கடைசியில் வழி சொன்னான்.
கும்பார்வாடாவுக்குப் பின்னால், சந்துக்குள் சந்து.
தலைக்கு மேல் வயர், காலுக்குக் கீழ் குழாய்,
இரண்டும் தொட்டுக்கொள்ளாதபடி நடுவில் நான்.
இரும்பு ஏணி. மேலே நீலத் திரை.
உச்சிப் படியில் ஒரு பெண்பிள்ளை,
மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.
நான் வாயைத் திறக்கும் முன்பே,
'அம்மா கர்ல இல்ல.'

திரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி.
அதில் இரண்டு ஈரப் பாதங்கள்.
இடது கணுக்காலில் தோல் இறுகி மினுங்கியது.
ஒரு கட்டைவிரல்
மற்றதன் மேல் ஏறி நின்றது.

எனக்கு அந்தக் கட்டைவிரலைத் தெரியும்.

ஒன்பது வயது. வாசலில் வெள்ளை ஜீப்.
கட்டுக்கட்டாய்ப் படிவத்தோடு ஒரு அன்ரி,
பவுடர் மணம். எனக்கொரு டொபி தந்தா.
'அம்மா எங்க, பிள்ளை?'
அம்மா கிணற்றடித் தகரத்துக்குப் பின்னால்.
தகரம் நிலம்வரை எட்டாது.
டொபியை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
'அம்மா வீட்ட இல்ல' என்றேன்.
அன்ரி அந்தக் கால்களைப் பார்த்தா.
பார்த்ததை நான் பார்த்தேன்.
ஏதோ எழுதிக்கொண்டு போனா.
என்ன எழுதினா என்று இருபது வருடமாய்த் தெரியாது.

ஏணியில் நின்றபடி பையைத் துழாவினேன்.
ரெக்கோர்டர், படிவம், உபரி பட்டரி.
டொபி இல்லை.

அப்போது திரைக்குப் பின்னால்
குக்கர் கத்தியது.
ஆளில்லாத வீட்டில் ஒரு விசில்.
பிள்ளை என்னைப் பார்த்தது. நான் குழாயைப் பார்த்தேன்.
இரண்டாவது.
பாதங்கள் அசையவில்லை.
மூன்றாவதில் பருப்பு வாசம் மாறத் தொடங்கிற்று.
நான் இருக்கும்வரை
அடுப்புப் பக்கம் போக அவளால் முடியாது.

'வந்தா சொல்லுங்கோ, ஒரு அக்கா வந்தவ எண்டு.'
'எந்த அக்கா?'
யோசிக்க நேரமில்லை.
'கேரளா அக்கா.'

நாலாவது விசிலுக்குள் இறங்கிவிட்டேன்.
சந்தில் சுவரோடு ஒட்டி நின்று
குறிப்பேட்டில் எழுதினேன்:
இருபத்துநாலு. வீட்டில் இல்லை.

காதை மேலே வைத்துக்கொண்டு நின்றேன்.
ஐந்தாவது வரவில்லை.